எடை குறைப்பு அறுவை சிகிச்சை: கையெழுத்துப் போடும் முன்



எடை குறைய அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாமா என்று உங்களில் சிலர் யோசித்துக்கொண்டிருக்கலாம். வெளியே சொன்னால், "வாயைக் கட்டினால் போதாதா?" என்பார்களோ என்று கூச்சம். அதை முதலில் விடுங்கள். உடல் பருமன் ஒரு நோய். இது அழகுக்கான சிகிச்சை அல்ல.

யாருக்கு இது? எடையை (கிலோ) உயரத்தால் (மீட்டர்) இரண்டு முறை வகுத்தால் வருவது பி.எம்.ஐ. 1.60 மீட்டர் உயரம், 96 கிலோ எடை என்றால் 37.5. பி.எம்.ஐ. 35-ஐத் தாண்டியவர்களுக்கு இதைப் பரிந்துரைக்கலாம், ஆசியர்களுக்கு 27.5-லிருந்தே வழங்கலாம் என்கிறது 2022-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல். ஆனால் எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது. உங்கள் மற்ற நோய்களையும் மனநிலையையும் மருத்துவர் பார்க்க வேண்டும்.

'ஸ்லீவ்' முறையில் இரைப்பையில் சுமார் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிடுவார்கள். மீண்டும் வைக்க முடியாது. 'பைபாஸ்' முறையில் இரைப்பையின் மேல்பகுதியைச் சிறு பையாக்கிச் சிறுகுடலோடு இணைப்பார்கள்.

நன்மைகள் உண்மையானவை. சர்க்கரை நோயாளிகள் பலருக்கு மாத்திரை குறைகிறது. சிலருக்கு நின்றே போகிறது. ரத்த அழுத்தம், தூக்கத்தில் மூச்சுத் திணறல், மூட்டுவலி குறைகின்றன. ஸ்வீடனில் 1987-இல் தொடங்கிய நீண்ட கால ஆய்வில், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களிடையே இறப்பு குறைவாக இருந்தது.

ஆபத்துகளும் உண்மையானவை. தையல் போட்ட இடத்தில் கசிவு, ரத்தப்போக்கு, காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போவது ஆகியவை உயிருக்கே ஆபத்தாகலாம். வீடு திரும்பிய பிறகு காய்ச்சல், வயிற்றுவலி, மூச்சுத் திணறல், குறையாத நாடித்துடிப்பு இருந்தால், "கேஸ்தான்" என்று கஷாயம் வைத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

பிறகும் கவனம் தேவை. இரும்புச்சத்து, பி12, கால்சியம் குறையும். சத்து மாத்திரைகளும் ரத்தப் பரிசோதனையும் ஆயுள் முழுக்கத் தொடர வேண்டும். பித்தப்பைக் கல் வரலாம். ஸ்லீவ் செய்தவர்களுக்கு நெஞ்செரிச்சல் கூடலாம். பெண்கள் ஒன்று, ஒன்றரை வருடம் கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும். பழைய சாப்பாட்டுப் பழக்கம் திரும்பினால் எடையும் திரும்பும்.

ஆகவே, கையெழுத்துப் போடும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். எனக்கு எந்த முறை, ஏன்? நள்ளிரவில் சிக்கல் வந்தால் இங்கே தீவிர சிகிச்சைப் பிரிவும் மருத்துவரும் இருப்பார்களா? ஐந்து வருடம் கழித்து என்னை யார் கவனிப்பார்கள்? மூன்றாவது கேள்விக்குத் தெளிவான பதில் கிடைக்காத இடத்தில், கட்டணம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் அவசரப்பட வேண்டாம்.

வீட்டாருக்கும் ஒரு வேண்டுகோள். சிகிச்சை முடிந்தவரின் தட்டில், "இன்னும் ஒரே ஒரு கரண்டி" என்று அன்பாகக்கூடப் பரிமாறாதீர்கள்.