புதிய மலைவண்டியும் பருவத்தின் முதற் பந்தயமும்

துவிச்சக்கர வண்டி நம் நாட்டவர்க்குப் புதியதன்று. பாடசாலைக்கும் சந்தைக்கும் வயலுக்கும் நம்மைச் சுமந்து செல்லும் அதனை அறியாதார் யார்? ஆயினும், கல்லும் முள்ளும் நிறைந்த ஒற்றையடித் தடங்களில் ஓடுவதற்கென்றே அமைந்த வண்டியும் ஒன்று உண்டு. அதனை மலைவண்டி என்பர். நெடுநேரப் பந்தயத்தை முன்னிட்டு அத்தகைய வண்டியைப் புதிதாகப் பூட்டுவோர் எதனைக் கருத வேண்டும் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

மலைவண்டியின் பிறப்பே பழைய வண்டியைப் பிரித்துப் பூட்டியதில் நிகழ்ந்தது. 1970களில், கலிபோர்னியாவின் தமல்பாயிஸ் மலைச்சாரலிலே இளைஞர் சிலர் பருத்த ரயர் கொண்ட பழைய வண்டிகளில் ஏறிச் சரிவிறங்கி மகிழ்ந்தனர். 1976இல் அதுவே பந்தயமாயிற்று. பெடலைப் பின்னோக்கி மிதித்தால் நிற்கும் அவ்வண்டிகளின் பிறேக், ஒரே இறக்கத்திற் கொதித்து, உள்ளே இட்ட கிறீஸ் புகைந்து போகும். ஒவ்வொரு முறையும் புதுக் கிறீஸ் அடைக்க வேண்டியிருந்தமையால் அப்பந்தயத்துக்கே ‘ரீபாக்’, அதாவது ‘மீண்டும் அடைத்தல்’ என்று பெயர் வழங்கலாயிற்று. 1977இல் ஜோ பிறீஸ் என்பவர் இத்தகைய ஓட்டத்துக்கென்றே புதுச் சட்டகம் ஒன்றை ஆக்கினார்.

இனி, பந்தயத்துக்கு வருவோம். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், டூசான் நகருக்கு வடக்கே, சோனோராப் பாலைவனத்தில் 24 மணி நேரப் பந்தயமொன்று பல்லாண்டுகளாகப் பெப்ரவரி மாதத்தில் நடந்து வந்துள்ளது. ஏறத்தாழ 16 மைல் நீளமான தடத்தை, ஒரு நண்பகல் தொடங்கி மறுநாள் நண்பகல் வரை இயன்ற தடவை சுற்ற வேண்டும். தனியொருவராய்ச் சுற்றுவோரும் உளர். குழுவாய்ச் சேர்ந்து முறைவைத்துச் சுற்றுவோரும் உளர். அந்த 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 13 மணி நேரம் இருள். பகலில் இதமான வெயில் இருப்பினும், இரவிற் குளிர் உறைநிலையை நெருங்குவதுண்டு.

வட மாநிலங்களில் அப்போது பனி உருகியிராது. குளிர்காலம் முழுவதும் வீட்டினுள்ளே நிலைப்படுத்திய வண்டியை மிதித்துப் பயின்றோர், ஆண்டின் முதற் பந்தயமாக இதற்கு வருகின்றனர். புதிய சட்டகமும் சில்லுகளும் வந்து சேர்வதும் அவ்வேளையிலேதான். ஆகவே, முந்திய வாரத்திற் பூட்டி முடித்த வண்டியைப் பாலைவனத்துக்குக் கொண்டுசெல்லும் ஆசை எழுகிறது. அங்கேதான் ஆபத்து இருக்கிறது. பூட்டி முடித்த வண்டி இன்னும் முடிந்த வண்டியன்று.

சில்லை எடுத்துக்கொள்வோம். கம்பிகளை இறுக்கும்போது அவை சற்று முறுகியும் நிற்கும். முதல் ஓட்டத்தில் அம்முறுக்கு அவிழும்; ‘டிங், டிங்’ என்று ஓசையும் கேட்கும். அதன்பின் இழுவிசை குறைந்து சில்லு கோணலாகலாம். மீண்டும் நேராக்கி இறுக்கிய பின்னரே அதனை நம்பலாம். கியர்க் கம்பியும் அவ்வாறே. கம்பி நீண்டுவிட்டது என்று பலர் சொல்வர். உண்மையில், பெரும்பாலும் அதன் உறை அமுங்கித் தன் இடத்திற் பொருந்துவதே காரணமாகும்.

தட்டுப் பிறேக்கோ இன்னும் பொல்லாதது. புதிய பிறேக் கட்டையும் புதிய தட்டும் முதல் நாளிற் கௌவிப் பிடிப்பதில்லை. மிதமான வேகத்தில் ஓடி, முற்றாக நிற்காமல் அழுத்தி விடுவதை ஏறக்குறைய இருபது முறை செய்தல் வேண்டும். அப்பொழுதே கட்டையின் பொருள் தட்டின்மீது மெல்லிய படலமாகப் படிந்து பிடிப்பு உண்டாகும். இதனைச் செய்யாது இரவிற் பாறைச் சரிவில் இறங்குபவரின் நிலையை நேயர்களே எண்ணிப் பார்க்கலாம்.

அப்பாலைவனத்தில் ‘சோய்யா’ எனப்படும் கள்ளியொன்று உண்டு. அதன் முட்கொத்து சற்றுப் பட்டாலே ஒட்டிக்கொள்ளும். ஆதலால் இவ்வண்டிகளிற் பலவற்றின் ரயருள் ரியூப் இராது. முள் குத்திய துளையைத் தானே அடைக்கும் திரவம் ஒன்றை ஊற்றிவைப்பர். அத்திரவங்கள் பலவற்றுக்கு மூலம் றப்பர்ப் பாலே. சிரட்டையில் வடிந்த பால் திரைந்து கெட்டியாவதைக் களுத்துறை, கேகாலைப் பகுதிகளிற் கண்டோர்க்கு இதன் சூட்சுமம் எளிதில் விளங்கும். எனினும், புதிய ரயரின் ஓரம் விளிம்போடு நன்கு பொருந்தி, திரவம் உட்புறமெங்கும் பரவும்வரை காற்றுக் கசிவதுண்டு. ஓரிரு நாள் ஓட்டிப் பார்த்தாலன்றி அது அடங்காது.

வண்டியினும் நுட்பமானது உடல். நிமிடத்துக்கு 80 முறை மிதிப்பவர் 12 மணி நேரத்தில் 57,600 முறை மிதிக்கிறார். ஆசனம் சிறிதளவு உயரம் தவறினாலும், அத்தவறு அத்தனை முறையும் முழங்காலைத் தாக்கும். ஒரு மணி நேரச் சவாரியில் இது தெரிவதில்லை. ஐந்தாம் ஆறாம் மணியிலேதான் தெரியும். பழைய வண்டியின் அளவுகளை நாடாவால் அளந்து புதியதிற் பொருத்துவது நன்று. அது போதாது, நீண்ட சவாரிகள் சில செய்து, ஒவ்வொன்றின் பின்னும் சிறிது சிறிதாகத் திருத்த வேண்டும்.

பாரம் குறைந்த உறுப்புகளுக்குப் பெரும்பொருள் செலவிடுவோரைக் கண்டால் எனக்குச் சிறிது நகைப்பு உண்டாவதுண்டு. நூறு கிராம் குறைப்பதற்குக் கொடுக்கும் விலையைக் காட்டிலும், திருகாணியின் இறுக்கத்தை அளந்து காட்டும் சாவிக்குக் கொடுக்கும் விலை பயனுள்ளது. கரியிழையாலான கைபிடித் தண்டை அளவுக்கு மீறி இறுக்கினால், கண்ணுக்குத் தெரியாமல் வெடிப்பு விழக்கூடும். குழுவில் ஓடுபவராயின் அவருடைய தண்டு முறிவது அவரோடு நிற்பதில்லை. கூடாரத்திலே தம் முறைக்காகக் குளிரில் விழித்திருக்கும் தோழர்களின் பல மாதப் பயிற்சியும் அதனோடு வீணாகிறது.

எனவே, பந்தயத்துக்கு நான்கு வாரம் முன்னரேனும் வண்டியைப் பூட்டிவிட வேண்டும் என்பது என் கருத்து. அவற்றுள் ஒரு சவாரியாவது விளக்குப் பொருத்தி இருளிற் செய்ததாக இருத்தல் நலம். பந்தயத்துக்கு மூன்று நாளே இருக்கையில் உறுப்புகள் வந்து சேருமாயின் என்ன செய்வது? பழைய வண்டியையே கொண்டு செல்க என்பேன். அதற்குப் புதுச் சங்கிலி மாட்டும் ஆசையும் வேண்டா. தேய்ந்த பற்சக்கரத்திற் புதுச் சங்கிலி வழுக்கும். உள்ள சங்கிலிக்கு எண்ணெய் இட்டு, ரயருள் திரவம் காய்ந்திருந்தாற் புதிதாய் ஊற்றி, புதியதைப் பெட்டிக்குள்ளேயே விட்டுச் செல்க.