புதிய டாக்டர்களும் நாமும்

(வெள்ளி விழாவை முன்னிட்டு நடந்த இளைஞர், பெற்றோர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



விழாக் குழுவினர் இன்று மாலை நம்மைப் பேச அழைத்தபோது தலைப்பையும் தாங்களே கொடுத்துவிட்டார்கள். அதற்குக் காரணமும் உண்டு. நம் பங்கின் பிள்ளைகள் இருவர் எம்.பி.பி.எஸ். இறுதித் தேர்வில் தேறி, இவ்வாண்டு ஆஸ்பத்திரிப் பயிற்சியில் சேர்ந்திருக்கிறார்கள். ஒருவர், அரசுப் பள்ளி மாணவர்களுக்காக 2020-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தமிழகத்தில் ஒதுக்கப்பட்ட 7.5 விழுக்காட்டு இடங்களில் ஒன்றைப் பெற்றுப் படித்தவர். பஸ் நிறுத்தத்தில் இருவர் படத்தையும் போட்டு, பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ என்று கொட்டை எழுத்தில் பதாகை கட்டியிருக்கிறீர்கள். மகிழ்ச்சி. ஆனால் பதாகையில் இருக்கும் டாக்டருக்கும் வார்டில் நிற்கும் டாக்டருக்கும் இடையே உள்ள தூரத்தைப் பற்றியே நாம் பேச வந்திருக்கிறோம்.

மருத்துவம் நமக்குத் தெரியாது. எனினும், நோயில் பூசுதல் கொடுக்கக் குருக்களை அழைப்பவர்கள் நேரம் பார்த்து அழைப்பதில்லை. நள்ளிரவில், விடியற்காலையில், கொட்டும் மழையில் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறோம். அவ்வேளைகளில் பெரிய டாக்டர்களைக் கண்டது அபூர்வம். நாம் கண்டவர்கள் பெரும்பாலும் ஹவுஸ் சர்ஜன்களே. கண் சிவந்து, கோட்டுப் பையில் சீட்டுகள் பிதுங்க, ஒரு கையில் இரத்தக் குழாய்களும் மறு கையில் ஆறிப்போன டீயுமாக நிற்கும் அந்தப் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்தே நமக்குச் சில எண்ணங்கள் தோன்றின.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம். எம்.பி.பி.எஸ். படிப்பு நான்கரை ஆண்டு. அதன்பின் 12 மாதம் கட்டாயப் பயிற்சி. பயிற்சிக் காலத்தில் இவர்களுக்குத் தற்காலிகப் பதிவுதான்; அதை முடித்த பிறகே மருத்துவக் கவுன்சிலில் நிரந்தரப் பதிவு கிடைக்கும். அதுவரை தனியாக வைத்தியம் பார்க்க முடியாது. மருத்துவச் சான்றிதழிலோ இறப்புச் சான்றிதழிலோ தம் பெயரில் கையெழுத்திடவும் கூடாது. ஆகவே, ‘தம்பி, ஆபீசுக்கு ஒரு மெடிக்கல் சர்டிபிகேட் எழுதிக் கொடு’ என்று அவர்கள் வீட்டுக்குப் போகிறவர்கள் தயவுசெய்து போக வேண்டாம். சிரிக்கிறீர்கள். போனவர்கள் யார் என்று நமக்குத் தெரியும்!

இந்த 12 மாதத்தில் அவர்கள் ஒரே இடத்தில் இருப்பதில்லை. பொது மருத்துவம், அறுவை, மகப்பேறு, குழந்தைகள், எலும்பு, கண், காது மூக்குத் தொண்டை, அவசரப் பிரிவு என்று துறை துறையாக மாறிச் செல்ல வேண்டும். 12 வாரங்கள் சமுதாய மருத்துவத்திற்கென்று ஒதுக்கப்பட்டவை. ஒரு வார்டில் கை பழகுமுன் அடுத்த வார்டுக்குப் போயாக வேண்டும். அங்கே மீண்டும் அரிச்சுவடி. எந்த அலமாரியில் எந்த ஊசி இருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

செய்யும் வேலையோ பதாகையில் போடும் வேலையன்று. இரத்தம் எடுப்பது, டிரிப் ஏற்றக் கையில் ஊசி பொருத்துவது, கேஸ் ஷீட் எழுதுவது, பரிசோதனை முடிவுகளைத் தேடி மாடிக்கும் கீழுக்கும் ஓடுவது, ஸ்கேன் அறை வாசலில் நோயாளியோடு காத்துக் கிடப்பது. ‘இதற்காகவா ஐந்து வருடம் படித்தாய்?’ என்று ஒரு தாயார் மகனைக் கேட்டதை நாமே கேட்டோம். இதற்காகவும்தான் படித்தான் அம்மா. நீர் வற்றிப்போன குழந்தையின் நூல் போன்ற நரம்பைத் தேடி ஊசி ஏற்றுவதை எந்தப் புத்தகமும் கற்றுத் தர முடியாது. கை கற்றுக்கொள்ள வேண்டும். கை கற்றுக்கொள்ளும்வரை அருகில் ஒருவர் நிற்க வேண்டும்.

அந்த ஒருவர் பல நேரங்களில் நர்ஸ். இருபது ஆண்டு வார்டைக் கண்ட நர்ஸ் அம்மா, நேற்று வந்த டாக்டரை ‘டாக்டர்’ என்று மரியாதையாக அழைத்து, ‘இந்த அளவுதானா, ஒருமுறை பார்த்துவிடுங்களேன்’ என்று மெதுவாகச் சொல்வார். புத்தியுள்ள பிள்ளை உடனே திரும்பிப் பார்க்கும். பொட்டாசியம் குளோரைடு என்று ஒரு மருந்து இருக்கிறதாம். உடம்பில் அந்த உப்புக் குறைந்தவர்களுக்கு அது அவசியம். ஆனால் அதையே நீர்க்கச் செய்யாமல் விரைவாக இரத்தக் குழாயில் செலுத்தினால் இதயம் நின்றுபோகும். குப்பியைப் பார்த்தால் மற்றக் குப்பிகளைப் போலத்தான் இருக்கும். நர்ஸ் அம்மா கேட்கும் அந்தக் கேள்வியின் விலை என்ன என்று எண்ணிப் பாருங்கள். ‘நான் டாக்டர், நீங்கள் சொல்லியா நான் தெரிந்துகொள்ள வேண்டும்?’ என்று அன்று ஒருவர் சொல்லிவிட்டால், மறுநாள் அந்த அம்மா வாய் திறக்கமாட்டார்.

இங்கேதான் நாம் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. புதிய டாக்டர் முதலில் கற்க வேண்டிய பாடம், ‘எனக்கு இது தெரியவில்லை, கேட்டுவிட்டு வருகிறேன்’ என்று சொல்வது. கேட்கச் சுலபம். செய்யக் கடினம். ஹவுஸ் சர்ஜனுக்கு மேலே பி.ஜி., அவருக்கு மேலே அசிஸ்டென்ட், அவருக்கும் மேலே சீஃப் என்று ஆஸ்பத்திரியில் படிகள் உண்டு. இரவு இரண்டு மணிக்கு மேற்படியில் இருப்பவரை எழுப்பினால் ஏச்சு விழுமோ என்ற பயம் ஒருபுறம். ‘இதுகூடத் தெரியாதா?’ என்று எல்லார் முன்னிலையிலும் அவமானப்படுத்துவார்களோ என்ற கூச்சம் மறுபுறம். மேலதிகாரிகள் சிலர் அப்படித்தான் நடந்துகொள்கிறார்கள். தாங்களும் அப்படியே வதைபட்டு வளர்ந்தோம் என்று நியாயமும் சொல்கிறார்கள். இந்த நியாயத்தை நாம் ஏற்பதற்கில்லை. ஏசப்பட்டவன் அடுத்தமுறை கேட்கமாட்டான், ஊகிப்பான். ஊகம் நோயாளியின் உடம்பில் போய் விழும்.

மூன்றாவது பயமும் ஒன்று உண்டு. அது நம்மைப் பற்றிய பயம். இளம் டாக்டர் ஒருவர் கட்டிலருகே நின்று, ‘பெரியவரைக் கேட்டு வருகிறேன்’ என்றால், நம் ஆட்கள் என்ன சொல்கிறார்கள்? ‘ஒன்றும் தெரியாத பையனை அனுப்பியிருக்கிறார்கள்!’ சத்தம் போடுகிறோம், கைபேசியில் படம் எடுக்கிறோம், சில ஊர்களில் கையும் ஓங்குகிறோம். மருத்துவப் பணியாளரைத் தாக்குவோரைத் தண்டிக்கத் தமிழகத்தில் 2008-இல் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது என்பது நமக்குப் பெருமையா? கேட்டு வருகிறேன் என்று சொல்லும் டாக்டர் கிடைத்தால், உங்கள் நோயாளி நல்ல கையில் இருக்கிறார் என்று கொள்ளுங்கள்.

அடுத்து, தூக்கம். இந்த ஓயாத டியூட்டி எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தோம். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரி 1889-இல் திறக்கப்பட்டது. அங்கே அறுவை மருத்துவத்தை நடத்திய வில்லியம் ஹால்ஸ்டெட் என்பவர், பயிற்சி டாக்டர்கள் ஆஸ்பத்திரியிலேயே குடியிருந்து ஆண்டுக்கணக்கில் பயில வேண்டும் என்ற முறையை வகுத்தார். பெரிய மேதை, ஐயமில்லை. ஆனால் அவரே, உணர்விழக்கச் செய்யும் மருந்தாகக் கோகெய்னைத் தம் மீது சோதித்துப் பார்க்கப்போய், அதற்கு அடிமையாகி, பின்னர் மார்பினுக்கும் அடிமையானவர். அப்படிப்பட்ட ஒருவர் போட்ட வழியில்தான் நம் பிள்ளைகள் இன்னமும் கண் விழிக்கிறார்கள் என்று எண்ணும்போது வேடிக்கையாகவும் இருக்கிறது, வேதனையாகவும் இருக்கிறது.

1984-இல் நியூயார்க்கில் 18 வயதுக் கல்லூரி மாணவி ஒருத்தி காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்து சில மணி நேரத்தில் இறந்தாள். இரவில் அவளைக் கவனித்தவர்கள் பயிற்சி டாக்டர்கள். அவர்கள் பொறுப்பில் வேறு பல நோயாளிகளும் இருந்தார்கள். விசாரணை நடந்தது. மூத்த டாக்டர்களின் மேற்பார்வைக் குறைவும் அளவு மீறிய வேலை நேரமும் வெளிச்சத்துக்கு வந்தன. 1989-இல் அம்மாநிலத்தில் பயிற்சி டாக்டர்களுக்கு வாரம் 80 மணி நேரம் என்று வரம்பு கட்டினார்கள். எண்பதா என்று வியக்கிறீர்கள். அதுவே குறைப்பு! நம் நாட்டில் உறைவிட டாக்டர்களுக்கு ஒரே தொடர்ச்சியாக 12 மணி நேரத்துக்கும், வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கும் சாதாரணமாக மேற்படக் கூடாது என்று 1992-இல் நடுவண் அரசு ஆணையிட்டது. ஆணை கோப்பில் இருக்கிறது. வார்டில் வேறு கணக்கு ஓடுகிறது.

2024 ஆகஸ்டில் கொல்கத்தாவில் நடந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். நெடுநேர டியூட்டிக்கு நடுவே ஆஸ்பத்திரியின் கருத்தரங்கு அறையில் ஓய்வெடுக்கப் போன பெண் பயிற்சி டாக்டர் ஒருவர் பாலியல் கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டார். உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து விசாரித்துப் பணிக்குழு அமைத்தது. தாழ்ப்பாள் உள்ள ஓர் ஓய்வறையையும் வெளிச்சமுள்ள ஒரு நடைபாதையையும் கேட்டு ஒரு டாக்டர் போராட வேண்டுமா? பெண்ணை இரவு டியூட்டிக்கு அனுப்பிவிட்டு விடியும்வரை போனைப் பார்த்துக்கொண்டே இருக்கும் தாய் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்.

பெற்றோர்களுக்கும் சொல்ல வேண்டும். பயிற்சி தொடங்கி மூன்று மாதம் ஆகவில்லை, ‘எம்.டி. எப்போது?’ என்று ஆரம்பித்துவிடுகிறீர்கள். முதுநிலை நீட் தேர்வு கடினமானது, உண்மை. ஆனால் அதன் பயத்தில் வார்டைத் தட்டிக்கழித்துவிட்டு, நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பயிற்சியிலேயே ஆண்டைக் கழிக்கிற பிள்ளைகள் உண்டு. நோயாளி நான்கு விடைகளோடு வருவதில்லை. புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி அவர்கள் 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் தேறி, அங்குள்ள அரசு மகப்பேறு, கண் மருத்துவமனையில் முதல் பெண் ஹவுஸ் சர்ஜனாகப் பணியாற்றினார். அவர் முயற்சியால் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது 1954-இல். இடையே 42 ஆண்டுகள். நாமோ 42 வாரத்தில் கணக்குக் கேட்கிறோம்! அதற்குள் கல்யாணத் தரகரும் வந்து உட்கார்ந்துவிடுகிறார்.

இனி, இந்த இருவரிடமும் நேராக ஒரு வார்த்தை. இதில் மட்டும் நமக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு. மரணச் செய்தியைச் சொல்ல வேண்டிய நாள் உங்களுக்கு வரும். சான்றிதழில் கையெழுத்துப் போட உங்களுக்கு உரிமை இல்லாவிட்டாலும், வாசலில் காத்திருப்பவர்கள் முதலில் பிடித்துக்கொள்வது உங்கள் கையைத்தான். பெரியவர் வரும்வரை அவர்களோடு நில்லுங்கள். உங்களையே சொல்லச் சொன்னால், நடைபாதையில் நின்றுகொண்டு சொல்லாதீர்கள். அவர்களை உட்கார வையுங்கள், நீங்களும் உட்காருங்கள். ‘போய்விட்டார்’, ‘எங்களால் முடிந்ததைப் பார்த்தோம்’ என்று சுற்றி வளைத்தால், அந்தத் தாய் பிள்ளையை வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்களோ என்று நினைப்பாள். அப்படி நினைத்துப் பெட்டியைக் கட்டிய ஒருத்தியை நாம் கண்டிருக்கிறோம். ‘இறந்துவிட்டார்’ என்ற சொல்லைச் சொல்லுங்கள். பிறகு பேசாமல் இருங்கள். அழுகை முடிந்ததும் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும், ‘கடைசியில் வலித்ததா?’ என்பதுதான். தெரிந்ததைச் சொல்லுங்கள். அன்று இரவு நீங்கள் ஹாஸ்டலுக்குப் போனபின் தூக்கம் வராவிட்டால், தனியே கிடக்காமல் யாரையாவது அழையுங்கள். பங்குத்தந்தை வீட்டு எண்ணும் உங்களிடம் இருக்கிறது. அகாலத்தில் எழும்புவது நமக்குப் பழக்கந்தானே.

இறுதியாக ஓர் அறிவிப்பு. நம் பங்கிலுள்ள மூத்த டாக்டர்கள் மூவர், மாதத்தின் கடைசி ஞாயிறு மாலை 5 மணிக்கு நூலகத்து மேல்மாடியில் பயிற்சி டாக்டர்களோடு உட்கார இசைந்திருக்கிறார்கள். அந்த மாதம் எங்கே தடுமாறினோம், எதைக் கேட்கப் பயந்தோம் என்று மனம்விட்டுப் பேசலாம். நோயாளிகளின் பெயர் மட்டும் வரக்கூடாது. பக்கத்துப் பங்குகளிலிருந்தும், வேறு மதத்தவராயினும், நண்பர்களை அழைத்து வரலாம். கதவைச் சாத்திக்கொள்ளலாம். நாம் உள்ளே வரமாட்டோம். காப்பி மட்டும் மேலே அனுப்பி வைப்போம்.