துணி துவைக்கும் யந்திரத்திற்குத் தலைவிதி உண்டா?



இன்று நாம் பேச எடுத்துக் கொண்ட விஷயம் மிகவும் அற்பமானது என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். வீட்டில் பழசாகிப் போன துணி துவைக்கும் யந்திரம், அதாவது நீங்கள் வாஷிங் மெஷின் என்று சொல்லுவது, பழுதாகி நின்றுவிட்டால் அதை நாமே எப்படிப் பார்த்துக் கொள்ளுவது என்பதுதான் விஷயம். இதற்கு ஒரு கூட்டமா என்று கேட்பீர்கள். யந்திரம் நின்ற மறுநாள் காலையில் துவைக்கிற கல்லுக்கு முன்னால் குனிந்து நிற்பவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். எத்தனை வீட்டில் ஆண் பிள்ளை அந்தக் கல்லண்டை போகிறான்? ஆகவே, யந்திரம் நின்றால் ஒடிவது பெண்களின் இடுப்புதான். அதனால்தான் இதை அற்ப விஷயம் என்று நாம் தள்ளிவிடவில்லை.

யந்திரம் நின்றதும் வீட்டில் என்ன பேச்சு நடக்கிறது? "அதற்குக் காலம் முடிந்துவிட்டது" என்கிறார் பெரியவர். "மோட்டாரே போய்விட்டது, புதியதாக வாங்கிவிடுங்கள்" என்கிறார் வந்து பார்த்தவர். ஏன் நின்றது என்ற கேள்வியை இருவருமே கேட்கவில்லை. தோழர்களே! யந்திரத்திற்குத் தலைவிதியும் இல்லை, கிரகக் கோளாறும் இல்லை. அது ஓடியதற்குக் காரணம் இருந்ததுபோல நின்றதற்கும் காரணம் இருக்கின்றது. அந்தக் காரணம் பெரும்பாலும் ஒரு வாரோ, ஒரு கம்பியோ, ஒரு சிறு டப்பாவோதான். பழுது பார்க்கும் தொழிலாளர்கள் எல்லோரும் மோசக்காரர்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. கையில் கறை படிய உழைக்கும் யோக்கியமானவர்கள் ஏராளமாய் இருக்கிறார்கள். ஆனால், நமக்கு ஒன்றுமே தெரியாது என்று நாமே சொல்லிக் கொண்டு நின்றால், யோக்கியன் யார், அயோக்கியன் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் மின்சாரம்

நம் வீடுகளில் நிறைய இருப்பது இரட்டைத் தொட்டி யந்திரம். ஒரு தொட்டி துவைக்கும். மற்றொன்று சுழன்று பிழியும். அதைப் பற்றியே பேசுவோம்.

தண்ணீரும் மின்சாரமும் சேர்ந்தால் உயிர் போய்விடும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கைப் பிடுங்கிக் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வையுங்கள். தரை ஈரமாயிருக்கக் கூடாது. கெப்பாசிட்டர் என்று ஒரு சிறு டப்பா உள்ளே இருக்கின்றது. பிளக்கைப் பிடுங்கின பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும். பழைய குண்டு பல்பின் இரண்டு கம்பிகளையும் அதன் இரு முனைகளிலும் சற்று நேரம் தொட வைத்து அந்த மின்சாரத்தைத் தீர்த்துவிட்டுத்தான் கையை வைக்க வேண்டும். யந்திரத்தின் மேல் கை பட்டால் சுரீரென்கிறது என்றால், மற்ற வேலையை எல்லாம் நிறுத்திவிட்டு எர்த் இணைப்பைச் சரி பார்க்கச் சொல்லுங்கள். மின்சாரம் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே தானாக வெட்டிவிடும் சுவிட்சு கடையில் கிடைக்கின்றது. அது எல்லா வீட்டிலும் இருக்க வேண்டியது.

பின்புற மூடியைக் கழற்ற ஒரு திருப்புளி போதும். எந்தக் கம்பியையும் பிடுங்குவதற்கு முன் கைபேசியில் ஒரு படம் எடுத்துக் கொள்ளுங்கள். பிறகு எந்தக் கம்பி எங்கே இருந்தது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.

காரணத்தைத் தேடும் வழி

காசு செலவில்லாத காரணத்தை முதலில் பாருங்கள். செலவுள்ள காரணத்தைக் கடைசியில் பாருங்கள்.

யந்திரம் சத்தமே இல்லாமல் கிடக்கின்றதா? மோட்டாரைக் குறை சொல்லாதீர்கள். அதே துளையில் வேறொரு சாமானைச் செருகிப் பாருங்கள். பிறகு கம்பியைப் பாருங்கள். யந்திரத்தின் அடிப்பக்கம் எலிக்கு நல்ல குடித்தனம். கம்பியை அது கடித்துத் துண்டாக்கிவிடும். ஓட்டை அடியில் வலை அடித்தால் அந்தத் தொல்லை நீங்கும்.

துவைக்கும் பக்கத்தில் மோட்டார் சத்தம் மட்டும் கேட்டு, துணி சுழலவில்லையா? பிளக்கைப் பிடுங்கிவிட்டு அடியிலுள்ள சுழல் தட்டைக் கையால் திருகிப் பாருங்கள். இறுகியிருந்தால் நடுவிலுள்ள திருகைக் கழற்றித் தட்டைத் தூக்குங்கள். சட்டைப் பையிலிருந்து விழுந்த காசு, கொண்டை ஊசி, பொத்தான் எல்லாம் அங்கேதான் கிடக்கும். தட்டு இலகுவாகச் சுழன்றால் பின்னால் பெல்ட்டைப் பாருங்கள். தளர்ந்திருந்தால் மோட்டாரின் திருகாணிகளைத் தளர்த்தி, மோட்டாரைச் சற்று நகர்த்தி இறுக்கலாம். வெடித்திருந்தால் அதன் மேல் போட்டிருக்கும் எண்ணைக் காட்டி வேறு வாங்கலாம்.

பெல்ட் சரியாயிருந்தும் மோட்டார் உறுமிக் கொண்டே நிற்கின்றதா? இங்கேதான் "மோட்டார் போய்விட்டது" என்ற தீர்ப்பைச் சொல்லுவார்கள். இந்த மோட்டார் தானாகக் கிளம்பாது. எந்தப் பக்கம் சுற்றுவது என்று அதைத் தள்ளிவிடுவது அந்தக் கெப்பாசிட்டர்தான். அது பலம் குன்றினால் மோட்டார் உறுமும், சுழலாது. அதன் உடம்பிலேயே எத்தனை மைக்ரோஃபாரட், எத்தனை வோல்ட் என்று எழுதியிருக்கும். அதே மைக்ரோஃபாரட் உள்ளதாக, வோல்ட் குறையாததாக வாங்கிப் போடுங்கள். உறுமும் மோட்டாரை உறும விட்டு வேடிக்கை பார்த்தால் சுருள் சூடேறி உண்மையாகவே எரிந்துவிடும்.

மோட்டார் உண்மையில் போயிற்றா என்று தெரிய வேண்டுமா? அதன் கம்பிகளைத் தனியாகப் பிரித்து மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். துவைக்கும் மோட்டார் இரு பக்கமும் சுற்ற வேண்டியதால் அதற்குச் சம அளவுள்ள இரண்டு சுருள்கள் இருக்கும். பொதுக் கம்பிக்கும் மற்ற இரண்டுக்கும் அளவு ஏறக்குறைய சமமாயும், அந்த இரண்டுக்கும் நடுவில் இரு மடங்காயும் காட்டினால் சுருள் அறுந்துவிடவில்லை. ஒன்றுமே காட்டாவிட்டாலோ, கருகின வாசனை அடித்தாலோ தொழிலாளியைக் கூப்பிடலாம். அப்போது அவர் சொல்லுவது சரியா தப்பா என்பது உங்களுக்கும் தெரியும்.

பிழியும் தொட்டி சுற்றவில்லையென்றால் மூடியைப் பாருங்கள். மூடி திறந்திருக்கும்போது கை உள்ளே போய்விடக் கூடாது என்பதற்காக, மின்சாரத்தை வெட்ட ஒரு சுவிட்சும், தொட்டியைப் பிடித்து நிறுத்த ஒரு பிரேக்கும் வைத்திருக்கிறார்கள். சுவிட்சு தேய்ந்தாலும் பிரேக் கம்பி தளர்ந்தாலும் தொட்டி சுற்றாது. அதற்காக அந்தச் சுவிட்சை நேராக இணைத்து ஓட்டாதீர்கள். அது ஒரு குழந்தையின் கையைக் காப்பாற்ற வைத்தது.

தண்ணீர் வடியாவிட்டால் வடிகுழாயிலும் வால்விலும் நூலும் பஞ்சும் அடைத்திருக்கும். நில்லாமல் வடிந்து கொண்டே இருந்தால் வால்வைத் தூக்கும் பட்டை சிக்கியிருக்கும், அல்லது வால்வின் வாயில் ஏதோ மாட்டியிருக்கும். சுழல் தட்டுக்கு அடியிலிருந்து தண்ணீர் ஒழுகி மோட்டார் பக்கம் போனால் மட்டும் ஓட்டாதீர்கள். அந்த வேலைக்குப் பழகின கையே வேண்டும்.

சாமான் கிடைக்க வேண்டாமா?

கழற்றத் தெரிந்தாலும் உதிரிச் சாமான் கிடைக்காவிட்டால் என்ன பிரயோஜனம்? ஐரோப்பிய யூனியன் நாடுகளில் 2021 மார்ச் முதல் இதற்கு ஒரு சட்டம் இருக்கின்றது. வீட்டுச் சலவை யந்திரம் செய்கிறவர்கள், ஒரு மாதிரியின் கடைசி யந்திரத்தை விற்பனைக்கு அனுப்பிய பின்னும் 10 வருஷ காலத்திற்கு முக்கியமான உதிரிச் சாமான்களைக் கொடுத்தாக வேண்டும். நம் நாட்டிலும் இந்திய அரசாங்கத்தின் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமையைப் பற்றி ஆராய 2022 ஜூலையில் ஒரு கமிட்டி நியமித்தது. கமிட்டி போட்டதோடு காரியம் ஆகிவிடாது. வாங்கும்போதே "இதற்குச் சாமான் எத்தனை வருஷம் கிடைக்கும்?" என்று கடைக்காரரைக் கேட்பவர்கள் பெருகினால்தான் ஆகும்.

தாய்மார்களே! கடைசியாக உங்களுக்கு ஒரு வார்த்தை. திருப்புளி ஆணின் கைக்கென்று செய்யப்பட்டதல்ல. தினமும் அந்த யந்திரத்தோடு பழகுகிறவர்கள் நீங்கள். அதன் சத்தம் மாறினால் முதலில் தெரிவது உங்களுக்குத்தான். ஆகவே மூடியைத் திறந்து பார்க்கும் யோக்கியதையும் உங்களுக்கே அதிகம்.

நாம் சொல்லிவிட்டோம் என்பதற்காக இதில் ஒன்றையும் நம்ப வேண்டியதில்லை. இன்று வீட்டிற்குப் போய், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மூடியைக் கழற்றி, நாம் சொன்ன சாமான்கள் சொன்ன இடத்தில் இருக்கின்றனவா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள். இருந்தால் ஒப்புக் கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அடுத்த கூட்டத்தில் வந்து கேளுங்கள்.