கை நிற்க வேண்டிய இடம்

ஆயுத பூஜை நெருங்கினால் எங்கள் அம்மாபேட்டையில் உப்புத்தாளுக்கு ஓய்வில்லை. தறியின் இரும்புச் சாமான், அரிவாள், சைக்கிள் என்று எல்லாவற்றையும் தேய்த்துப் பொட்டு வைத்தால்தான் மனசு ஆறும். பரணை ஒதுக்கும்போது பழந்துணியில் சுற்றிய துருப்பிடித்த கைத்துப்பாக்கி ஒன்று அகப்பட்டால்? அதையும் தேய்க்கத்தான் கை போகும். அங்கேதான் நிறுத்தச் சொல்கிறேன்.

தேய்ப்பது இருக்கட்டும், உள்ளே மருந்து இருக்கிறதா? வாய்வழியாகக் கெட்டிக்கும் பழைய துப்பாக்கியைக் கடைசியாகத் தொட்டவர் கெட்டித்தபடியே வைத்துவிட்டுப் போயிருக்கலாம். கரிமருந்து ஈரம் படாமல் இருந்தால் தலைமுறை தாண்டியும் பற்றும். தெரிந்தவர் குழலுக்குள் மரக்குச்சி விட்டு ஆழத்தை அளந்து பார்ப்பார். நீங்கள் பார்க்க வேண்டாம்.

அடுத்தது சட்டம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுட உதவாத பழம்பொருளுக்கு விலக்குத் தருகிறது. ‘பழுது பார்த்தாலும்’ என்பதைக் கவனியுங்கள். குதிரை மடங்குகிறதா, விசை சொடுக்குகிறதா என்று சரிசெய்யப் போனால் வம்புதான். சுடுமா சுடாதா என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலையல்ல. முதலில் காவல் நிலையத்தில் சொல்லிவிடுங்கள்.

அதையெல்லாம் தாண்டி வந்த பிறகே துருவின் பேச்சு. எல்லாத் துருவும் ஒன்றல்ல. செம்மஞ்சளாகப் பொடிப்பொடியாக உதிர்வது இன்னும் தின்றுகொண்டிருக்கும் துரு. கருத்து, வழவழப்பாகப் படிந்தது இரும்பின் வயசு. அதைச் சுரண்டக் கூடாது. கிழக்கிந்தியக் கம்பெனி தன் துப்பாக்கிகளில் இதய வடிவ முத்திரையும் பிறகு எழுந்து நிற்கும் சிங்கமும் குத்தியது. அந்தக் குத்து மேலோட்டமானது. பட்டறைச் சக்கரத்தில் கொடுத்தால் ஒரு நிமிஷத்தில் போய்விடும். பளபளப்பு மிஞ்சும், யாருடையது என்ற அடையாளம் மிஞ்சாது. புளிக்கரைசலில் ஊறப்போடுவதும் கிட்டத்தட்ட அதே பாவம்தான்.

சாயக்காரர்களுக்குக் கடுக்காயும் அன்னபேதியும் சேர்ந்தால் கறுப்பு என்று தெரியும். கடுக்காயில் உள்ள துவர்ப்புப் பொருளான டானின் இரும்போடு கூடிக் கறுக்கிறது. பழைய இரும்பைக் காப்பவர்களும் டானிக் அமிலம் பூசித் துருவைக் கருநிறப் படலமாக மாற்றுவதுண்டு. நம் சாயத்தொட்டி அறிவு அருங்காட்சியகத்திலும் இருப்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம். அதற்காகக் கடுக்காயை இடித்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். அளவு தெரிய வேண்டும்.

எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930இல் வேதியியல் பாதுகாப்புக் கூடம் தொடங்கியது. அங்கே வேதியியலாளர் பரமசிவன் மின்சாரம் பாய்ச்சிச் செப்புத்திருமேனிகளின் களிம்பை நீக்கினார். அந்தக் காலத்துக்கு அது பெரிய சாதனை. இன்றைய பாதுகாப்பாளர்கள் அவ்வளவு ஆழமாகக் கைவைக்கத் தயங்குவார்கள். என் கட்சியும் அதுவே: துரு மேலும் தின்னாமல் தடு, புதிதாக்காதே.

வீட்டில் செய்யக்கூடியது, உலர்ந்த இடத்தில் வைப்பதும், மெல்லிய துணியில் தையல் மெஷின் எண்ணெய் தொட்டுத் துடைப்பதும்தான். தேங்காய் எண்ணெய் வேண்டாம், சிக்குப் பிடிக்கும். பூஜையில் வைத்தே ஆக வேண்டுமென்றால் தாம்பாளத்துக்குப் பொட்டு வையுங்கள். சந்தனம் குழைத்த தண்ணீர் அந்த இரும்பில் பட வேண்டாம்.