பெயரா? உதவித்தொகையா?

அன்பு நிறைந்த நடுவர் அவர்களே! எதிரணியில் அமர்ந்திருக்கும் இனிய நண்பர்களே! சமையலறை வேலையைப் பாதியில் போட்டுவிட்டுத் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே!

எம்.பி.ஏ. படிக்கப் பிள்ளைக்கு இரண்டு இடம் கிடைச்சிருக்கு. ஒண்ணு பெயர் பெரிசு, கட்டணமும் பெரிசு. இன்னொண்ணு பெயர் கொஞ்சம் சின்னது; ஆனா உதவித்தொகை தர்றாங்க. எதுக்குப் போறது? எதிரணித் தலைவர், ''பெயர்தான் வாழ்க்கை'' என்று முழங்கினார். 1961-ல் தொடங்கிய அகமதாபாத், கல்கத்தா ஐ.ஐ.எம்.களைச் சொன்னார். ஐயா, உங்க பிள்ளைக்கு அங்கே இடம் கிடைச்சா, வங்கிக்கு நானே உங்களோட வர்றேன்! ஆனா நம்ம வீடுகள்ல வர்ற கேள்வி அது இல்லீங்க. பதினைந்தாவது இடத்துல இருக்கிற கல்லூரியா, இருபத்திரண்டாவது இடத்துல இருக்கிற கல்லூரியா என்பதுதான் கேள்வி. இந்த ஏழு படிக்கு எத்தனை லட்சம் கொடுக்கலாம்? அதைச் சொல்லுங்க!

கணக்குப் பார்ப்போம். 20 லட்சம் கடன், 10 சதவீத வட்டி, பத்து வருஷத் தவணை. மாதம் 26,430 ரூபாய். கட்டி முடிக்கும்போது 31 லட்சத்து 70 ஆயிரத்தைத் தாண்டிடும். படிக்கிற காலத்து வட்டி தனி!

''2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பிரதமர் வித்யாலட்சுமி திட்டம் இருக்கே, தேர்வான கல்லூரிகளுக்கு ஈடும் வேண்டாம், ஜாமீனும் வேண்டாமே'' என்றார் அம்மையார். நல்ல திட்டம்தான். ஆனா ஈடு வேண்டாம்னாங்களே தவிர, திருப்பித் தர வேண்டாம்னு சொல்லலையே அம்மா! (சிரிப்பு)

''எங்க கல்லூரியில் சராசரிச் சம்பளம் 15 லட்சம்'' என்று விளம்பரம் வருது. பத்துப் பேர்ல ஒன்பது பேருக்கு 8 லட்சம், ஒருத்தனுக்கு 80 லட்சம்னு வைங்க. சராசரி 15 லட்சத்து 20 ஆயிரம்! அந்தச் சம்பளம் வாங்கினவன் அந்த வகுப்பில் ஒருத்தன்கூட இல்லை! (கைதட்டல்) சராசரியைக் கேட்காதீங்க. வரிசையில் நடுவுல நிற்கிற மாணவனுக்கு என்ன கிடைச்சதுன்னு கேளுங்க.

வள்ளுவர் 'தெரிந்து செயல்வகை' அதிகாரத்தில் என்ன சொல்கிறார்? போவது எவ்வளவு, வருவது எவ்வளவு, கடைசியில் கையில் நிற்பது எவ்வளவு என்று எண்ணிப் பார் என்கிறார். வரப்போகும் லாபத்தை நினைத்துக் கையிலிருக்கும் முதலை இழக்கிறவன் அறிவாளி இல்லை என்றும் அதே அதிகாரத்தில் எச்சரிக்கிறார்.

இது நான் புத்தகத்துல மட்டும் படிச்ச பாடம் இல்லீங்க. சில வருஷங்களுக்கு முன்னால், அந்த வித்யாலட்சுமி திட்டமெல்லாம் வராத காலம், என் மகளுக்கு இப்படி இரண்டு கடிதம் வந்தது. நான் பேராசிரியர் ஆச்சே, கௌரவம் விடுமா? ''பெரிய கல்லூரிதான்'' என்றேன். என் மனைவி ஒண்ணும் பேசலை. பீரோவைத் திறந்து வீட்டுப் பத்திரத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். மகள் அதைப் பார்த்தாள். ''அப்பா, இந்த வீட்டுக் கடன் அடைக்க எத்தனை வருஷம் ஆச்சு?'' என்றாள். ''பதினெட்டு'' என்றேன். உதவித்தொகைக் கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

உண்மையை மறைக்க மாட்டேன். முதல் வருஷம், அவள் எதிர்பார்த்த இரண்டு கம்பெனிகள் அந்தக் கல்லூரிக்கு வரவே இல்லை. போன்ல அழுதாள். அன்றைக்கு ராத்திரி எனக்கும் தூக்கம் இல்லை. எதிரணி சொல்வதில் அந்த அளவு நியாயம் உண்டு.

ஆனா கேளுங்க. வேலைக்குப் போய் ஒன்றரை வருஷத்துல, ''அப்பா, பொய் சொல்லி விற்கச் சொல்றாங்க, எனக்குப் பிடிக்கலை'' என்றாள். ''விட்டுடும்மா'' என்றேன். நடுவர் அவர்களே! தலைக்குமேல் மாதம் 26,000 ரூபாய் தவணை தொங்கியிருந்தால், அந்த ஒரு வார்த்தையை நான் சொல்லியிருக்க முடியுமா? கடன் இருக்கிறவன் வேலையைத் தேர்ந்தெடுப்பதில்லை. தவணைதான் அவனுக்கு வேலையைத் தேர்ந்தெடுக்கிறது! (கைதட்டல்)

பெற்றோர்களே, உதவித்தொகை என்றதும் துள்ளாதீங்க. கல்விக் கட்டணம் மட்டுமா, விடுதிக்கும் சேர்த்தா? இரண்டாம் வருஷமும் உண்டா? மதிப்பெண் குறைந்தால் நிறுத்துவாங்களா? எழுத்தில் வாங்குங்க. அதே கையோடு பெரிய கல்லூரிக்கும் ஒரு கடிதம் போட்டு, குடும்ப வருமானத்தைச் சொல்லி உதவி கேளுங்க. கேட்பதில் வெட்கமில்லை.

பெயர், வாசலில் மாட்டுகிற பலகை. உதவித்தொகை, பிள்ளை நிமிர்ந்து நடக்கிற முதுகெலும்பு. ஆகவே கையில் கிடைக்கும் உதவித்தொகையே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன்.