பிள்ளையின் பல்லும் ஊரின் கிணறும்
(எலுவன்குளத்தில் ஆற்றிய உரை)



200 மாணவருக்குக் குறைந்த பாடசாலைகளில் ஆண்டுதோறும் பிள்ளைகள் அனைவரும் மருத்துவப் பரிசோதனைக்கு உரியவர்கள். உயரம், நிறை, பார்வை, பல் யாவும் ஏட்டில் ஏறுகின்றன. தொகுத்த கணக்கு மேலிடம் செல்கின்றது; ஊரவர் கைக்குத் திரும்புவதோ அரிது!

வறண்ட வலயத்துக் கிணறுகள் பலவற்றில் புளோரைட்டு மிகுதி. நம் எலுவன்குளமும் அவ்வலயத்தினதே. பல் உருவாகும் இளம் பருவத்தில் அந்நீரைப் பருகிய பிள்ளையின் பல்லிற் கறை படிகின்றது. நீரைக் கொதிக்கவைத்தாலும் புளோரைட்டு போகாது. கறை ஒன்றே தீர்ப்பாகாது என்பதை நாம் அறிவோம். ஆயின் விசாரணை தொடங்க அச்சாட்சியம் போதும்.

சுகாதார வைத்திய அதிகாரியிடம் நாம் கேட்பது இதுவே: பெயர்களை நீக்கி, எக்கிணற்று நீரைப் பருகும் பிள்ளைகளிற் கறை மிகுதியென்று பிரித்துத் தாருங்கள். அக்கிணற்றை முதலிற் சோதியுங்கள். லீற்றருக்கு 1.5 மில்லிகிராம் என்னும் உலகச் சுகாதார நிறுவன எல்லையைக் கடந்தால் மாற்று நீர் வழங்குங்கள்.

விண்ணப்பம் மேசைமீது உள்ளது, பெற்றோர் கையொப்பமிடுக.