பிளஸ் டூ ஆண்டில் பழக்கமும் திறனும்



பிளஸ் டூ மதிப்பெண்ணைத் தீர்மானிப்பது படிக்கும் பழக்கமா, இயல்பான திறனா? இதைப் பேசத்தான் இந்தக் கருத்தரங்கில் கூடியிருக்கிறோம். தலைமை வகிப்பவர் இரு தரப்புக்கும் நடுவில் நிற்பது மரபு. நான் இப்போதே ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறேன். பன்னிரண்டாம் வகுப்பில் நாம் காணும் திறனில் பெரும்பகுதி, கீழ்வகுப்புகளிலேயே ஊறிப்போன பழக்கம்தான் என்பது என் கட்சி.

இதற்குச் சான்றாக உளவியலாளர்கள் டக்வொர்த், செலிக்மன் இருவரும் 2005-இல் வெளியிட்ட ஆய்வைப் பலரும் காட்டுவார்கள். எட்டாம் வகுப்பு மாணவரின் மதிப்பெண் வேறுபாட்டை விளக்குவதில் நுண்ணறிவு ஈவைவிடத் தன்னொழுங்குக்கு இரு மடங்குக்கும் மேல் பங்கு உண்டு என்றது அது. என் கட்சிக்கு வசதியான முடிவுதான். ஆனால் அந்த ஆய்வு நடந்த பள்ளி, மாணவரைத் தேர்ந்தெடுத்துச் சேர்த்துக்கொள்ளும் பள்ளி. திறனில் ஏறத்தாழ ஒத்தவர்களை ஓரிடத்தில் கூட்டிவைத்தால் பழக்கம் மேலோங்கித் தெரிவதில் வியப்பில்லை.

பழக்கம் என்று எதைச் சொல்கிறோம்? விடுதிப் பள்ளிகளில் விடியற்காலை மணியடித்து எழுப்புகிறார்கள். ஸ்டடி அவர், சிலிப் டெஸ்ட், மறுபடியும் ஸ்டடி அவர். பிளஸ் ஒன் பாடத்தை ஒப்புக்கு நடத்திவிட்டு, இரண்டு ஆண்டும் பிளஸ் டூ புத்தகத்தையே உருப்போட வைத்த பள்ளிகளை நாம் அறிவோம். 2018-இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அந்தப் பள்ளிகளில் பழக்கம் வார்டனுடையது, மாணவனுடையதன்று. கல்லூரி முதல் பருவத்தில் எழுப்ப ஆளில்லாதபோது அது தெரிந்துவிடும்.

இன்னொரு பழக்கம்: ஒரு மாணவியின் புத்தகத்தைப் பாருங்கள். மஞ்சள், பச்சை, ரோஸ் என்று மூன்று நிறத்தில் கோடு. கோடில்லாத வரியே இல்லை. அதை நாலு முறை வாசித்தவள், எல்லாம் தெரிந்த மாதிரி இருந்தது, ஹாலில் வரவில்லை என்கிறாள். உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006-இல் காட்டியது இதைத்தான்: திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முந்தினார்கள், ஒரு வாரம் கழித்து, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். அந்தப் பெண்ணுக்குத் திறன் குறைவு என்று நாம் எழுதிவிடுகிறோம். அவளுக்கு யாரும் படிக்கச் சொல்லித்தரவில்லை, அவ்வளவே.

காலாண்டுத் தேர்வு முடிந்ததும் மெல்லக் கற்போர் பட்டியல் தயாராகிவிடுகிறது. பட்டியலில் வந்தவர்கள் கையில் தேர்ச்சிக்குப் போதுமான சில வினாக்கள் அடங்கிய கையேடு. மற்றப் பாடங்களை அவர்கள் அதன்பின் திறப்பதேயில்லை. பிறகு கடினமான வினாவுக்கு விடை எழுதவில்லையே என்று வியக்கிறோம்! (தலைமையாசிரியர்கள் என்மேல் வருத்தப்பட வேண்டாம்; தேர்ச்சி விழுக்காடு கேட்டு வரும் நெருக்கடி எனக்கும் தெரியும்.)

திறனே இல்லை என்று நான் வாதிடவில்லை. கணக்கில் சிலருக்கு ஒருமுறை போதும், சிலருக்குப் பத்து முறை வேண்டும். வகுப்பறையில் நின்றவர் எவரும் இதை மறுக்கமாட்டார். ஆனால் அந்தப் பத்து முறைக்கு நேரம் யாருக்குக் கிடைக்கிறது? வீட்டு வேலை முடித்து இரவில் புத்தகம் எடுப்பவரையும், ட்யூஷன் முடித்து வருபவரையும் ஒரே அளவுகோலால் அளக்கும் கட்டுரைகளை என்னால் ஏற்க முடியாது.

ஆகவே கட்டுரையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். எத்தனை மணி நேரம் படித்தார்கள் என்ற கணக்கோடு நிறுத்திவிடாதீர்கள். அந்த நேரத்தில் என்ன செய்தார்கள், யார் சொல்லிச் செய்தார்கள் என்பதையும் சொல்லுங்கள். முதல் அமர்வின் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.